ஆட்டோமேட்டிக் கார் வாங்கிவிட்டீர்களா? கியர்பாக்ஸ் கெடாமல் காக்கச் செய்ய வேண்டியவை

இன்ஜின் ஆயிலை எல்லோரும் நேரத்துக்கு மாற்றுகிறோம். கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை, சர்வீஸ் சென்டரிலும் தாமாகச் சொல்வதில்லை. ஆட்டோமேட்டிக் கார் என்றால் "கிளட்ச் இல்லை, கியர் மாற்ற வேண்டாம், பராமரிப்பும் இல்லை" என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. மேனுவல் காரில் கிளட்ச் பிளேட் தேய்ந்தால் சில ஆயிரங்களில் வேலை முடியும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் முழுதாகப் போனால் செலவு லட்சங்களில்தான்.

நான் செகண்ட் ஹேண்டில் ஓர் ஆட்டோமேட்டிக் வாங்கி, அதன் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன். ஓர் இடத்தில் "இது வாழ்நாள் ஆயில், தொடவே கூடாது" என்றார்கள். இன்னோர் இடத்தில் எந்த வகை கியர்பாக்ஸ் என்றுகூடக் கேட்காமல் மெஷின் போட்டு ஃபிளஷ் செய்துவிடலாம் என்றார்கள். சரியான பதிலைத் தேடி அலைந்ததில் தெரிந்துகொண்டதையெல்லாம் வரிசைப்படுத்தித் தருகிறேன். நீங்களும் அலைய வேண்டியதில்லை.

1. உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று முதலில் கண்டுபிடியுங்கள்

'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் நம் ஊரில் நான்கு வேறுவேறு இயந்திரங்கள் ஓடுகின்றன. ஆயில், பழுது, ஓட்டும் முறை எல்லாமே வகைக்கு வகை மாறும்.

ஏஎம்டி: உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும்தான். உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற கருவி கிளட்சை அழுத்தி கியரை மாற்றுகிறது. இந்தியாவில் 2014இல் மாருதி செலெரியோவில் வந்து பரவியது இது. மாருதி இதை ஏஜிஎஸ் என்று அழைக்கிறது.

சிவிடி: இதில் பல் சக்கர கியர்களுக்குப் பதில் இரண்டு புல்லிகளும் அவற்றுக்கிடையே ஓர் எஃகு பெல்ட்டும் இருக்கும். ஹோண்டா சிட்டி, அமேஸ் பெட்ரோல் கார்களில் பார்க்கலாம். ஹூண்டாய் இதையே ஐவிடி என்கிறது.

டார்க் கன்வர்ட்டர்: பழைய, நம்பகமான ஆட்டோமேட்டிக். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது எண்ணெயின் ஓட்டம். இன்னோவா கிரிஸ்டா, கிரெட்டா டீசல், இப்போதைய எர்டிகா போன்றவற்றில் இருப்பது இது.

டிசிடி: இரண்டு கிளட்ச் கொண்டது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் டிஎஸ்ஜி என்ற பெயரில் வரும். ஹூண்டாய், கியாவின் டர்போ பெட்ரோல் மாடல்களிலும் உண்டு. இதிலேயே கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கும் ஈர வகை, மூழ்காத உலர் வகை என இரண்டு.

இங்கே ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. காரின் பெயரை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். 2022க்கு முந்தைய பலேனோ ஆட்டோமேட்டிக்கில் இருந்தது சிவிடி. 2022இல் வந்த புதிய பலேனோவில் ஏஎம்டி. 2008இல் வந்த ஹோண்டா சிட்டியில் டார்க் கன்வர்ட்டர், 2014இல் வந்ததில் சிவிடி. 2020 கிரெட்டாவில் 1.5 பெட்ரோலுக்கு ஐவிடி, டீசலுக்கு டார்க் கன்வர்ட்டர், டர்போவுக்கு டிசிடி. ஒரே காரில் மூன்று வகை! ஆகவே ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்து, கியர்பாக்ஸ் வகையையும் அதற்குரிய ஆயிலின் பெயரையும் சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் பதில் வந்தாலும் போதும், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

2. கையேட்டில் இரண்டாவது அட்டவணையைத் தேடுங்கள்

காரோடு வந்த ஓனர்ஸ் மேனுவலில் பராமரிப்பு அட்டவணை இரண்டு இருக்கும். முதலாவது சாதாரணப் பயன்பாட்டுக்கு. இரண்டாவது கடுமையான பயன்பாட்டுக்கு. நம்மில் பெரும்பாலோர் முதல் அட்டவணையோடு நிறுத்திக்கொள்கிறோம். சில கார்களில் முதல் அட்டவணையில் ஆட்டோமேட்டிக் ஆயிலுக்கு நேராக "பரிசோதனை தேவையில்லை" என்றே இருக்கும். அதே கையேட்டில் சில பக்கங்கள் தள்ளி, கடுமையான பயன்பாடு என்றால் இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்று போட்டிருப்பார்கள்.

கடுமையான பயன்பாடு என்றால் ராலி ஓட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். குறைந்த தூரப் பயணங்கள், தூசி, மலைப்பாதை, நின்று நின்று நகரும் நெரிசல், 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நகர நெரிசலில் ஓட்டுவது ஆகியவைதான் அந்தப் பட்டியலில் இருக்கும். சென்னையிலோ மதுரையிலோ கார் ஓட்டும் ஒருவருக்கு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் இதுதானே நிலைமை? நம் ஊருக்கு இரண்டாவது அட்டவணைதான் அட்டவணை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள்: அந்தப் பக்கத்தைப் படமெடுத்து போனில் வையுங்கள். "மாற்றத் தேவையில்லை சார்" என்று சொல்லும் சர்வீஸ் அட்வைசரிடம் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

3. 'வாழ்நாள் ஆயில்' என்ற சொல்லை அப்படியே ஏற்காதீர்கள்

கியர்பாக்ஸ் ஆயில் வெறும் மசகு எண்ணெய் அல்ல. கியரை மாற்றும் அழுத்தத்தைத் தருவது அதுதான், உள்ளே பிறக்கும் சூட்டை வெளியேற்றுவதும் அதுதான். ஈரக் கிளட்ச்கள் வழுக்காமல் பிடிப்பதும் அந்த எண்ணெயிலுள்ள சேர்மானங்களால்தான். சூடு ஏற ஏற அந்தச் சேர்மானங்கள் சிதையும். எண்ணெய் வழக்கமான சூட்டுக்கு மேல் ஒவ்வொரு 10, 11 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு.

பிஎம்டபிள்யூ போன்ற கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் பரிந்துரையைப் பாருங்கள். கார் கம்பெனிகள் 'வாழ்நாள் ஆயில்' என்று சொல்லும் அதே கியர்பாக்ஸ்களுக்கு, ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டரில் அல்லது 8 ஆண்டில் ஆயிலை மாற்றச் சொல்கிறது, செய்தவர்களே!

கையேட்டில் தெளிவான கணக்கு இருந்தால் அதுவே முதன்மை. இல்லாவிட்டால் நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் நான் சொல்லும் கணக்கு இது. சிவிடிக்கு 40,000 கிலோமீட்டர். டார்க் கன்வர்ட்டருக்கும் ஈரக் கிளட்ச் டிசிடிக்கும் 60,000. ஏஎம்டியின் கியர் ஆயிலுக்கு 40,000 முதல் 50,000. வண்டி அதிகம் ஓடவில்லை என்றாலும் ஐந்தாண்டுக்கு மேல் விடாதீர்கள். உலர் டிசிடியில் கியர் ஆயில் ஓரிடம், கியரை மாற்றும் மெக்கட்ரானிக் பகுதியின் எண்ணெய் வேறிடம் எனப் பிரிந்திருப்பதுண்டு. அதில் தெரிந்தவர் மட்டும்தான் கைவைக்க வேண்டும்.

4. ஆயிலின் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்

கியர்பாக்ஸ் பாழாவதற்குத் தவறான எண்ணெய் ஒரு முக்கியக் காரணம். டொயோட்டாவின் டார்க் கன்வர்ட்டர் வண்டிகளுக்கு டபிள்யூஎஸ், ஹூண்டாய் கியாவின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்குக்கு எஸ்பி-4, நிசான் சிவிடிக்கு என்எஸ்-3 என்று ஒவ்வொன்றுக்கும் தனி அளவீடு (ஆயிலின் தர வகை, ஸ்பெசிஃபிகேஷன்) உண்டு. ஹோண்டாவில் பாருங்கள்: சிவிடிக்கு எச்சிஎஃப்-2, டார்க் கன்வர்ட்டருக்கு டிடபிள்யூ-1. சிட்டி என்ற ஒரே பெயரை வைத்து ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் நிலைமை என்னவாகும்?

சிவிடியில் சாதாரண ஏடிஎஃப் (டார்க் கன்வர்ட்டர் வகைக்கான ஆட்டோமேட்டிக் ஆயில்) ஊற்றவே கூடாது. எஃகு பெல்ட் புல்லியில் வழுக்காமல் பிடிப்பதற்கென்று அதன் எண்ணெய் தயாராகிறது. ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கி, புல்லியின் முகத்தில் கீறல் விழும். பிறகு எந்த எண்ணெய் ஊற்றினாலும் அது சரியாகாது.

"எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் போகும் சார்" என்று ஒரே டின்னைக் காட்டும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். வேறு பிராண்டு ஆயில் என்றாலும் தவறில்லை, ஆனால் உங்களுக்குத் தேவையான அளவீட்டின் பெயர் டின்னின் பின்பக்கம் அச்சாகியிருக்க வேண்டும். ஆயிலை அங்கீகரிக்கப்பட்ட உதிரிபாகக் கடையில் பில்லுடன் வாங்குங்கள், சீல் உங்கள் கண்முன் உடைபடட்டும். போலி டின்கள் சந்தையில் இருக்கின்றன.

5. செலவும் நேரமும்

நான் விசாரித்தபோது கிடைத்த தொகைகளை வைத்து ஏறத்தாழச் சொல்கிறேன். ஊருக்கும் வண்டிக்கும் தக்கபடி கூடும் குறையும்.

ஏஎம்டி கியர் ஆயில் மாற்ற 1,500 முதல் 3,000 ரூபாய். சிவிடியில் பழையதை வடித்துப் புதிதை ஊற்ற 4,000 முதல் 8,000. டார்க் கன்வர்ட்டரில் இதே வேலைக்கு 6,000 முதல் 12,000, அடியிலுள்ள எண்ணெய்த் தட்டை ('பேன்') கழற்றி ஃபில்டரும் கேஸ்கெட்டும் மாற்றினால் இன்னும் கூடும். ஏஎம்டியில் கிளட்ச் செட் மாற்ற நேர்ந்தால் 10,000 முதல் 20,000. கூலிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதால் எஸ்டிமேட் வாங்கும்போதே "வரி சேர்த்தா, சேர்க்காமலா" என்று கேளுங்கள்.

வேலை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும். ஆனால் சரியான ஆயில் கையிருப்பில் இருக்காது. சில நாள் முன்பே சொல்லி வரவழைக்க வேண்டும். சனி, ஞாயிறு கூட்டத்தில் கொண்டுபோகாதீர்கள். வார நாளில் காலை முதல் வண்டியாக விடுங்கள், காரணம் அடுத்த பகுதியில்.

6. ஆயில் மாற்றும்போது அருகில் நில்லுங்கள்

இந்த வேலையை அவசரத்தில் செய்யவே முடியாது. ஏனென்றால் இன்றைய கியர்பாக்ஸ்கள் பலவற்றில் அளவு பார்க்கும் குச்சியே கிடையாது. எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, வண்டி சமமாக நிற்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டிலோ அடியிலோ உள்ள சோதனைத் திருகைத் திறந்து, மெல்லிய தாரையாக வழிந்து சொட்டாகக் குறைகிறதா என்று பார்த்துத்தான் அளவை முடிவுசெய்ய வேண்டும். அந்தச் சூடு வண்டிக்கு வண்டி மாறும்: ஒன்றில் 35 முதல் 45 டிகிரி, இன்னொன்றில் 50 முதல் 60. அதைக் காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனர் கருவியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். தொட்டுப் பார்த்துச் சொல்வதற்கில்லை. நெடுந்தூரம் ஓட்டி வந்த வண்டி அதற்குள் சூடேறிவிட்டிருக்கும், ஆற மணிக்கணக்காகும். காலையில் முதல் வண்டியாக விடச் சொன்னது அதனால்தான்.

வேலை தொடங்கும் முன் இவற்றைக் கேளுங்கள். ஸ்கேனர் இருக்கிறதா? எந்தச் சூட்டில் அளவு பார்ப்பீர்கள்? வடிகால் திருகின் வாஷர் புதிதாக வந்திருக்கிறதா? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் அந்த மெக்கானிக்கை நம்பலாம்.

வடித்த எண்ணெயை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு வந்ததோ ஏறத்தாழ அவ்வளவுதான் உள்ளே போக வேண்டும். மூன்றரை லிட்டர் வடிந்து ஐந்து லிட்டருக்கு பில் போட்டால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நிறத்தையும் பாருங்கள். சிவப்பு மங்கிப் பழுப்பானது இயல்பு. கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் கருகத் தொடங்கிவிட்டது. எண்ணெய்த் தட்டுக்குள் இருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் பயப்படாதீர்கள், அது தேய்மானத் தூள். மின்னும் சில்லுகளோ துணுக்குகளோ இருந்தால் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு பாகம் உடைந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். டார்க் கன்வர்ட்டர் வண்டியில் ஒருமுறை வடித்தால் பாதிகூட வெளியே வராது. மீதி கன்வர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். மெஷின் வைத்து அழுத்தத்தில் முழுவதையும் தள்ளும் ஃபிளஷ் முறை இதற்காகத்தான். ஆனால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை ஒருமுறைகூட மாற்றாத வண்டிக்கு அதை நான் சொல்லமாட்டேன். அடியில் படிந்த கசடு அழுத்தத்தில் கிளம்பி வால்வுகளின் நுண்துளைகளில் போய் அடைக்கக்கூடும். அப்படிப்பட்ட வண்டியில் ஒருமுறை வடித்து ஊற்றி, ஓரிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றுங்கள். தேவைப்பட்டால் மூன்றாம் முறையும். செலவு கொஞ்சம் கூடினாலும் இது பாதுகாப்பானது. ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிவிட்ட கியர்பாக்ஸை ஆயில் மாற்றம் காப்பாற்றும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

முடிந்ததும் ஸ்கேனரில் கியர்பாக்ஸ் கணினியின் பழைய கற்றல் பதிவை அழித்து மறுபடி கற்க வைக்க வேண்டுமா என்று கையேட்டின்படி பார்க்கச் சொல்லுங்கள். சில வண்டிகளுக்கு அது அவசியம். பிறகு நீங்களே ஓட்டிப் பாருங்கள், மெக்கானிக் பக்கத்தில் இருக்கட்டும்.

7. ஓட்டும் பழக்கம்: பாதிப் பராமரிப்பு இங்கேதான்

வண்டி முழுதாக நின்ற பிறகே டி-யிலிருந்து (முன்னே போகும் நிலை) ஆர்-க்கோ (பின்னே போகும் நிலை), ஆர்-லிருந்து டி-க்கோ மாற்றுங்கள். பார்க்கிங்கில் இடம் பிடிக்கும் அவசரத்தில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே மாற்றுவதைத் தினமும் பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் கிளட்ச்கள்தான் வண்டியின் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துகின்றன.

பி-யில் (பார்க்கிங் நிலை) போடும் முறை பலருக்குத் தெரியாது. பி-யில் கியர்பாக்ஸைப் பிடித்து நிறுத்துவது ஒரு சிறு உலோகக் கொண்டி மட்டுமே. சரிவில் நிறுத்தி நேராக பி-யில் போட்டால் வண்டியின் முழு எடையும் அந்தக் கொண்டியின் மேல் சாயும். அப்புறம் எடுக்கும்போது 'டொக்' என்ற சத்தம் வருவது அதனால்தான். இந்த வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள்: கால் பிரேக்கை அழுத்தி நிறுத்துங்கள், என்-இல் (நியூட்ரல்) போடுங்கள், ஹேண்ட்பிரேக் இழுங்கள், கால் பிரேக்கை விட்டு வண்டி ஹேண்ட்பிரேக்கில் நிற்கிறதா என்று பாருங்கள், மறுபடி பிரேக் அழுத்தி பி-யில் போடுங்கள். ஏஎம்டி வண்டிகளில் பெரும்பாலும் பி இருக்காது. அவற்றை எந்த கியரில் நிறுத்த வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், அதன்படி நிறுத்தி ஹேண்ட்பிரேக்கையும் இழுங்கள்.

ஏஎம்டி, உலர் டிசிடி வைத்திருப்பவர்கள் நெரிசலில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மேம்பாலத்து ஏற்றத்தில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திவைக்காதீர்கள். அந்த நேரம் முழுவதும் கிளட்ச் தேய்ந்துகொண்டே இருக்கிறது. தீய்ந்த வாடை வந்தால் கிளட்சின் ஆயுளில் பெரும் பங்கு அப்போதே போய்விட்டது. நிறுத்தும்போது பிரேக்கை முழுதாக அழுத்துங்கள். அரைகுறையாக அழுத்தினால் கிளட்ச் முழுதாக விலகாமல் உரசிக்கொண்டிருக்கும். முன் வண்டி ஓரடி நகர்ந்ததும் நாமும் ஓரடி நகராமல், கொஞ்சம் இடம் விடட்டும் என்று காத்திருந்து ஒரே மூச்சில் போவது நல்லது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். நீண்ட சிக்னலில் என்-இல் போட்டு ஹேண்ட்பிரேக் போடுங்கள். டார்க் கன்வர்ட்டர் வண்டியில் டி-யிலேயே பிரேக் மிதித்து நிற்பதில் தவறில்லை.

மலைக்குப் போகும்போது டி-யில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ஏற்காட்டின் 20 வளைவுகளோ வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளோ கொல்லிமலையின் 70 வளைவுகளோ, ஏறும்போது மேனுவல் முறையிலோ எஸ் (ஸ்போர்ட்) முறையிலோ குறைந்த கியரைப் பிடித்து வையுங்கள். டி-யில் விட்டால் ஒவ்வொரு வளைவிலும் இரண்டுக்கும் மூன்றுக்கும் மாறி மாறித் தடுமாறும், அத்தனையும் சூடாகச் சேரும். இறங்கும்போதும் குறைந்த கியர்தான். சிவிடியில் எல் (லோ) நிலை இதற்காகவே இருக்கிறது. பெட்ரோல் மிச்சம் என்று என்-இல் போட்டு இறங்குவது கியர்பாக்ஸுக்கும் கேடு, உயிருக்கும் ஆபத்து. ஏறும் வழியில் வேகம் குறைந்து சூட்டு எச்சரிக்கை வந்தால், ஓரமாக நிறுத்தி பி-யில் இன்ஜினை ஓடவிட்டு ஆறவிடுங்கள். உடனே அணைத்துவிட்டால் எண்ணெய் ஓட்டம் நின்று சூடு உள்ளேயே தங்கும்.

சேற்றிலோ மணலிலோ சக்கரம் சிக்கினால் டி, ஆர் என்று மாற்றி மாற்றிச் சக்கரத்தைச் சுழலவிடாதீர்கள். ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளுங்கள்.

கூலண்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல வண்டிகளில் கியர்பாக்ஸ் எண்ணெய் ஆறுவது இன்ஜின் கூலண்டால்தான். ரேடியேட்டரை வெறும் தண்ணீரால் நிரப்பி ஓட்டுபவர்கள் தெரியாமலே கியர்பாக்ஸையும் கெடுக்கிறார்கள். பேட்டரியும் அப்படித்தான். ஏஎம்டியிலும் டிசிடியிலும் பேட்டரி தளர்ந்தால் கியர் விழாமல் முரண்டு பிடிக்கும். ஆக்சுவேட்டர் போய்விட்டது என்று யாராவது எஸ்டிமேட் போடும் முன் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

8. வெள்ளமும் டோயிங்கும்

2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. கியர்பாக்ஸின் மேல் காற்றுத் துளை ஒன்று உண்டு. தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறினால் உள்ளே போய்விடும். வெள்ளம் வடிந்ததும் சாவியைத் திருப்பாதீர்கள். எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். ரோஸ்மில்க் போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதோடு இயக்கினால் உள்ளே கிளட்ச் பரப்பின் பசை விட்டுப் பிரியும்.

இழுத்துச் செல்லும்போது, காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் வண்டி மட்டுமே கேளுங்கள். கயிறு கட்டி இழுத்தால் சக்கரம் சுழலும், இன்ஜின் ஓடாததால் கியர்பாக்ஸின் எண்ணெய் பம்ப் சுழலாது, காய்ந்த நிலையில் உள்ளே உராயும். முன்சக்கர டிரைவ் காரை முன்சக்கரம் தரையில் பட இழுக்கக் கூடாது. நான்கு சக்கர டிரைவ் என்றால் எந்தச் சக்கரமும் தரையில் படக் கூடாது. உதவிக்கு போன் செய்யும்போதே "ஆட்டோமேட்டிக், ஃபிளாட்பெட் வேண்டும்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கொக்கி வண்டிதான் வரும்.

9. இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்

டி-யிலோ ஆர்-லோ போட்டதும் ஒன்றிரண்டு விநாடி யோசித்துவிட்டு வண்டி பிடிப்பது. ஆக்சிலரேட்டர் மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்பது. நிதான வேகத்தில் ஓடும்போது, சாலை ஒழுங்காக இருந்தும் கரடுமுரடான பரப்பில் போவது போன்ற அதிர்வு. சிவிடியில் வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தம். நிறுத்திய இடத்தில் சிவப்பு எண்ணெய்த் துளி. இவற்றில் முதலிரண்டும் வந்த பிறகு "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டுவதுதான் ஆயில் மாற்றத்தோடு முடிய வேண்டியதை லட்சத்துக்குக் கொண்டுபோகிறது.

அடியில் கல் இடித்தால் உடனே நிறுத்தி எண்ணெய் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகியபடியே ஓட்டி கியர்பாக்ஸ் போனால், இடித்தது விபத்து, ஓட்டியது உங்கள் பிழை என்று காப்பீட்டில் பிரித்துவிடுவார்கள்.

10. சேர்த்துவைக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு கோப்பில் இவற்றை வையுங்கள்: கையேட்டின் அட்டவணைப் பக்கம், ஒவ்வொரு சர்வீஸின் ஜாப் கார்டு (வண்டியை விடும்போது புகாரையும் வேலையையும் எழுதித் தரும் சீட்டு), பில், ஆயில் டின்னின் முன்பின் படங்கள், வேலை நடந்த அன்றைய ஓடோமீட்டர் படம், ஸ்கேனர் ரிப்போர்ட். பில்லில் வெறுமனே 'கியர் ஆயில்' என்று போட விடாதீர்கள். ஆயிலின் அளவீட்டுப் பெயரும் எத்தனை லிட்டர் என்பதும் இருக்க வேண்டும். புகார் சொல்லி வண்டியை விடும்போது ஜாப் கார்டில் உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் பின்னாளில் இந்தக் குறை வாரண்டிக் காலத்திலேயே இருந்தது என்று நிரூபிக்க வழியில்லை.

கம்பெனி வாரண்டி இருக்கும்வரை ஆயில் மாற்றத்தை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே செய்யுங்கள், இல்லையேல் வாரண்டியை மறுக்க அது ஒரு சாக்காகிவிடும். நீட்டிக்கப்பட்ட வாரண்டியை முதல் வாரண்டி முடியும் முன் வாங்க வேண்டும். முடியும் தேதியை இன்றே காலண்டரில் குறியுங்கள். ஆட்டோமேட்டிக் காருக்கு அந்தப் பணத்தைச் செலவழிப்பதில் தவறே இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஏஎம்டி கிளட்ச் பிளேட் போன்ற தேயும் பொருட்கள் அதில் அடங்காது.

காப்பீட்டில் 'ஜீரோ டெப்' (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தொகை தருவது) எடுத்திருப்பதால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் புகுந்து கெடும் இன்ஜின், கியர்பாக்ஸுக்கு இன்ஜின் புரொடெக்ட் என்ற தனி ஆட்-ஆன் (கூடுதல் காப்பு) வேண்டும். அதில் கியர்பாக்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள். வண்டிக்கு வயது கூடினால் இந்த ஆட்-ஆனைத் தரமாட்டார்கள். புதுப்பிக்கும்போது விடுபட்டிருக்கிறதா என்று ஒவ்வோராண்டும் கவனியுங்கள்.

11. பெரிய எஸ்டிமேட் கைக்கு வந்தால்

"கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும்" என்று சொன்னதும் சம்மதிக்காதீர்கள். பிழைக் குறியீடுகள் உள்ள ஸ்கேனர் ரிப்போர்ட்டையும், எந்தப் பாகம் ஏன் போனது என்ற விளக்கத்தையும் எழுத்தில் கேளுங்கள். எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடி, சோலனாய்டு, டிசிடியில் மெக்கட்ரானிக், ஏஎம்டியில் ஆக்சுவேட்டர் என்று ஒரே ஒரு பகுதி போயிருந்தாலும் சர்வீஸ் சென்டரில் முழு கியர்பாக்ஸுக்கே விலை போடுவது உண்டு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மட்டுமே பிரித்துச் சரிசெய்யும் ஒர்க்‌ஷாப்கள் சென்னை, கோவை, பெங்களூரில் இருக்கின்றன. அந்த ரிப்போர்ட்டோடு அங்கே ஒரு கருத்துக் கேளுங்கள். வண்டியை விடும் முன் எத்தனை மாத உத்தரவாதம், எத்தனை கிலோமீட்டர் என்று பில்லில் எழுதித் தருவார்களா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை உங்களிடம் காட்ட வேண்டும் என்பதையும் முன்பே சொல்லுங்கள்.

வாரண்டிக்குள் இருக்கும் வண்டிக்கு மறுப்பு வந்தால், மறுப்பை மின்னஞ்சலில் காரணத்தோடு கேளுங்கள். வாய்ச்சொல்லாக ஏற்காதீர்கள். அடுத்து, கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். அதிலும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். இணைக்க வேண்டியவை பத்தாவது பகுதியில் சொன்ன கோப்பில் இருப்பவையும், அந்த மறுப்பு மின்னஞ்சலும், இரண்டாவது ஒர்க்‌ஷாப்பின் எழுத்து மூலமான கருத்தும்.